அப்பாவோட பீட்டிலை மியூசியத்துக்குக் குடுத்தப்போ மாட்டுன ஒரு நம்பர்

அப்பா ஓட்டுன 1966 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், வித்துட மனசு வரல, அதான் பழைய கார் மியூசியத்துக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணோம். அவங்க பேப்பரைப் பாத்துட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. பேப்பர்ல சேஸிஸ் நம்பர், அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல அடிச்சிருக்கிற நம்பர், 118ல ஆரம்பிக்குது, மூணாவது எண் மாடல் வருஷம், அப்படின்னா இது 1968 வண்டியா இருக்கணும், ஆனா ஹெட்லைட் அதுக்கு முந்தின வண்டிங்க மாதிரி சாய்வா இருக்கேன்னு கேட்டாங்க. சரியான கேள்விதான்.

பீட்டில்ல அந்த நம்பர் பின்சீட்டுக்கு அடியில, தரையில நடுவுல நீளமா மேடா போற டனல்ல அடிச்சிருக்கும். சீட்டைத் தூக்கிப் பாத்தா முழுக்க துரு. கம்பி பிரஷ் மட்டும் போட்டுடாதீங்க, எழுத்தே தேஞ்சுடும். எண்ணெய்ல நனைச்ச துணியை ராத்திரி முழுக்க மேல போட்டு வச்சேன், காலையில மெதுவா துடைச்சேன், மெல்லிசு பேப்பர் வச்சு பென்சிலால தேச்சப்போ 116னு பளிச்சுனு வந்துச்சு, கண்ணு கலங்கிடுச்சு. பழைய பேப்பர்ல யாரோ 6ஐ 8ஆ எழுதியிருக்காங்க. பென்சிலால தேச்ச தாளையும் போட்டோவையும் வச்சு பதிவுல திருத்தி வாங்குனேன், அதுக்குத்தான் நாள் இழுத்துச்சு.

ஒப்பந்தத்துல கையெழுத்து போடும் முன்னாடி நல்லா படிங்க. தானமா குடுத்துட்டா வண்டி அவங்களுது, பின்னால விக்கவும் செய்யலாம், அதனால விக்கிறதா இருந்தா முதல்ல எங்ககிட்ட கேக்கணும்னு ஒரு வரி சேக்கச் சொன்னேன், சேத்தாங்க. பெயிண்ட் மட்டும் புதுசா அடிச்சுடாதீங்க, ஒரிஜினல் பெயிண்டுக்குத்தான் அங்க மதிப்பு. பழைய பெட்ரோலை வடிச்சு, பேட்டரி ஒயரைக் கழட்டி, அப்பா எழுதி வச்ச சர்வீஸ் நோட்டையும் சேத்தே குடுத்தேன்.