நகரச் சுற்றுலா அட்டை: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஒரு நகரின் பல இடங்களுக்கான நுழைவையோ தள்ளுபடியையோ, சில சமயம் போக்குவரத்தையும் சேர்த்து, ஒரே விலைக்குத் தருவது நகரச் சுற்றுலா அட்டை. அதை விற்பவர்கள் முதலில் காட்டுவது அதில் அடங்கிய இடங்களின் எண்ணிக்கையைத்தான். அறுபது இடங்கள், எண்பது இடங்கள் என்று அது நீளும். வாங்குபவர் கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இப்படி ஓர் அட்டையே இல்லையென்றால் இந்தப் பயணத்தில் எந்தெந்த இடங்களுக்குக் காசு கொடுத்துப் போயிருப்போம் என்ற பட்டியலை, அட்டையின் இணையதளத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. அட்டையின் பட்டியலை முதலில் படித்துவிட்டால், நேற்றுவரை பெயர்கூடத் தெரியாத மெழுகுச் சிலைக் காட்சியகமும் படகுச் சவாரியும் நமக்கு வேண்டியவைபோலத் தோன்றிவிடும். அவற்றின் கட்டணத்தையும் லாபக் கணக்கில் சேர்த்துவிடுவோம். போக நினைத்திராத இடத்தின் நுழைவுக் கட்டணம் மிச்சமாவது மிச்சமே ஆகாது.

அடுத்து, கையிலெடுக்கும் அட்டை எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு வகைக்கும் கணக்கு வேறு. குறிப்பிட்ட மணிநேரத்துக்குள் பட்டியலில் உள்ள இடங்களுக்கெல்லாம் போய்வர அனுமதிக்கும் அட்டைகள் ஒரு வகை. பாரிஸ் மியூசியம் பாஸ் இப்படி 48, 96, 144 மணிநேரக் கணக்கில் கிடைக்கிறது. இத்தனை நாளில் இத்தனை இடங்கள் என்று எண்ணிக்கையை வரையறுப்பவை இன்னொரு வகை. பெர்லின் வெல்கம் கார்டு போன்றவை போக்குவரத்தை முழுமையாகத் தந்து, நுழைவுக் கட்டணத்தில் தள்ளுபடி மட்டுமே தருகின்றன. ரோமா பாஸ் ஒரு கலவை: 48 மணிநேர அட்டையில் முதல் ஓர் இடமும், 72 மணிநேர அட்டையில் முதல் இரண்டு இடங்களும் இலவசம், அதன் பிறகு தள்ளுபடிதான். ஆகவே அந்த அட்டையை வைத்திருப்பவர் கட்டணம் அதிகமுள்ள இடங்களுக்கு முதலில் போனால்தான் அதன் முழுப் பயனும் கைக்கு வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எந்த நாணயமானாலும் சரி, போக்குவரத்தும் அடங்கிய 72 மணிநேர அட்டையின் விலை 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் அருங்காட்சியகம் 22, கோட்டை 18, உயரமான காட்சிக் கோபுரம் 25, படகுச் சவாரி 16 என நான்கு இடங்கள் உள்ளன, கூட்டினால் 81. நாளொன்றுக்கு 8 வீதம் மூன்று நாள் பேருந்து, மெட்ரோ பாஸ் 24. மொத்தம் 105, அட்டையால் 15 மிச்சம் என்று தெரிகிறது. இப்போது அட்டையின் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். காட்சிக் கோபுரம் அதில் இல்லையென்றால் மொத்தம் 80 ஆகிவிடும். மிச்சம் 15 என்றிருந்தது நஷ்டம் 10 ஆகிவிடும். இது கற்பனைக்காகச் சொன்னதல்ல. பாரிஸ் மியூசியம் பாஸில் ஐஃபல் கோபுரம் கிடையாது. ரோமா பாஸில் வத்திக்கான் அருங்காட்சியகங்கள் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் நகர அட்டையில் ஆன் ஃபிராங்க் இல்லம் கிடையாது. கூட்டத்துக்குக் குறைவில்லாத இடங்கள் தனியாகவே சீட்டு விற்றுவிடும் என்பதால், எந்த நகரிலும் முதலில் தேட வேண்டியது மிகப் புகழ்பெற்ற அந்த ஓரிரு பெயர்களைத்தான்.

தள்ளுபடி அட்டைக்கு ஒரு வகுத்தலே போதும். அட்டையின் விலையைத் தள்ளுபடி விகிதத்தால் வகுத்தால், எவ்வளவு செலவு செய்த பிறகு போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும். விலை 20, தள்ளுபடி 25 சதவீதம் என்றால் 80 வரை செலவழித்தபின்தான் சமநிலை. அதற்கு மேல் செலவழிப்பதில்தான் லாபம். ‘50 சதவீதம் வரை’ என்று எழுதியிருந்தால் ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள இடங்களுக்குத் தனித்தனியாக எவ்வளவு என்று பார்த்து, அந்த விகிதத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

போக்குவரத்தைக் கூட்டும்போது பலர் தவறுவது, உண்மையில் ஏறப்போகும் பயணங்களை எண்ணாமல் நாள் பாஸின் முழு விலையை எழுதிவிடுவதில்தான். பழைய நகரப் பகுதியின் நடுவில் தங்கினால் ஒரு நாளில் இரண்டு முறைகூட வண்டி ஏற வேண்டியிருக்காது. விமான நிலையப் பயணம் அடங்குமா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். பெர்லினின் போக்குவரத்துக் கட்டணம் ஏ, பி, சி என்ற மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; விமான நிலையம் ‘சி’ மண்டலத்தில் இருப்பதால், ‘ஏபி’ மண்டலங்களுக்கு மட்டும் வாங்கிய அட்டை அங்கே செல்லாது. லக்சம்பர்க்கில் 2020 முதல் பொதுப் போக்குவரத்து அனைவருக்கும் இலவசம். அங்கே கணக்கில் போக்குவரத்துச் செலவு பூஜ்யம்தான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் விடுதியில் தங்குபவர்களுக்குப் போக்குவரத்தும் அருங்காட்சியகத் தள்ளுபடியும் அடங்கிய விருந்தினர் அட்டை விடுதியிலேயே கிடைத்துவிடும். ஆதலால் தங்கும் விடுதி எதையேனும் தருகிறதா என்று கேட்ட பிறகே வேறு அட்டை வாங்க வேண்டும்.

ஏற்கெனவே இலவசமாக இருப்பவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணமே இல்லை. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் மாலையின் கடைசி இரண்டு மணிநேரம் இலவசம். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் கட்டணம் வாங்குவதில்லை. வயது சார்ந்த சலுகையும் உண்டு: பிரான்சின் தேசிய அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குட்பட்டவர்கள் இலவசமாகவே நுழையலாம். எனவே குடும்பமாகப் போகிறவர்கள் ஒருவருக்கான கணக்கைத் தலை எண்ணிக்கையால் பெருக்கிவிடக் கூடாது. பெரியவர்களுக்கு அட்டையும், பிள்ளைகளுக்குத் தனிச் சீட்டும், முதியவர்களுக்கு மூத்தோர் கட்டணமும் என்று பிரித்துப் போட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

பணக்கணக்கு சரியாக வந்த பிறகும், பலருடைய அட்டை வீணாவது கடிகாரத்தினால்தான். அட்டை மணிநேரத்தை எண்ணுகிறதா, நாட்காட்டி நாளை எண்ணுகிறதா என்பதை விதிமுறையில் தேடிப் படியுங்கள். 48 மணிநேர அட்டையைத் திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் புதன்கிழமை பிற்பகல் வரை செல்லும். மூன்று நாட்களைத் தொட்டுவிடலாம். இரண்டு நாள் அட்டை என்று நாட்காட்டியை எண்ணும் வகையை அதே நேரத்தில் தொடங்கினால், சில மணிநேரத்திலேயே ஒரு நாள் கழிந்துவிடும். பெரும்பாலும் நாட்கள் தொடர்ச்சியாகவே எண்ணப்படும். நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

விடுமுறை நாட்களும் இதோடு சேர்ந்தவை. பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமையும், ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமையும் மூடியிருக்கும். திங்கள் காலை தொடங்கும் அட்டையோடு முதல் நாள் லூவ்ர், மறுநாள் ஓர்சே என்று போனால் எல்லாம் சரியாக அமையும். வரிசையை மாற்றினால் இரண்டு நாளும் பூட்டிய கதவின் முன் நிற்க நேரிடும். இரண்டு திட்டத்துக்கும் அட்டை ஒன்றே, விலையும் ஒன்றே.

அதைவிடக் கவனிக்க வேண்டியது நேர முன்பதிவு. அட்டை கையில் இருப்பதும் உள்ளே நுழைய இடம் இருப்பதும் வெவ்வேறு. லூவ்ரும் ரோமின் கொலோசியமும் அட்டை வைத்திருப்பவர்களையும் நேரம் குறித்து முன்பதிவு செய்யச் சொல்கின்றன. இத்தகைய இடங்களில் அட்டைதாரர்களுக்கான நேரங்கள் முன்னதாகவே தீர்ந்துபோகக்கூடும். ஆகவே அட்டைக்குப் பணம் கட்டுவதற்கு முன், முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து நீங்கள் போகும் தேதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தின் தொகையைக் கூட்டலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி கூட்டுங்கள். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்ற வாசகமும் பொதுவாகச் சீட்டு வாங்கும் வரிசையைத்தான் குறிக்கும். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் ஒன்றே.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் பார்க்க முடியும் என்பதில் நேர்மையாக இருங்கள். பெரிய அருங்காட்சியகம் ஒன்றும், அதற்குப் பிறகு சிறிய இடம் ஒன்றும் பார்த்தாலே பெரும்பாலோருக்குக் கால் ஓய்ந்துவிடும். ஐந்து இடம் பார்த்தால்தான் அட்டை கட்டுப்படியாகும் என்றால், ஓவியங்களின் முன் நிற்க வேண்டிய நேரமெல்லாம் ஓட்டத்திலேயே போய்விடும். அந்த ஓட்டம் எனக்கு ஏற்புடையதல்ல. மழை, தலைவலி, பிடித்துப்போன ஒரு வீதி என்று திட்டம் மாற எத்தனையோ காரணம் வரும் என்பதால், தனிச்சீட்டுகளின் மொத்தம் அட்டை விலையைவிடக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருந்தால்தான் அட்டை வாங்குவது என்ற விதியை நான் வைத்திருக்கிறேன். மேலே சொன்ன 90 விலை அட்டைக்கு அது 108 ஆகும்; 105 என்று வந்த முதல் கணக்குகூட அந்த வரம்பைத் தொடவில்லை.

கணக்கு சமமாக வந்தாலும் வாங்கத் தகுந்த சந்தர்ப்பம் உண்டு. ஒவ்வொரு நிலையத்திலும் சீட்டு இயந்திரத்தோடு போராட விரும்பாத முதியவரோடு பயணிக்கையில், ஒரே அட்டையில் எல்லாம் முடிவது பெரிய நிம்மதி. அதற்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. சிறிய அருங்காட்சியகங்களில் அரைமணிநேரம் எட்டிப்பார்த்து வரும் பழக்கமுள்ளவர்களுக்கும் அட்டை நன்றாகப் பயன்படும், தனிச்சீட்டு வாங்க வேண்டுமென்றால் அவர்கள் அந்த வாசல்களைக் கடந்தே போயிருப்பார்கள்.

வாங்குவதாக முடிவு செய்தால், பயன்படுத்தாத அட்டையைத் திருப்பித் தர முடியுமா, எத்தனை மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதைப் பார்த்துவிட்டு அதிகாரபூர்வ இணையதளத்திலேயே வாங்குங்கள். பொதுவாக முதல் முறை ஸ்கேன் செய்யும் கணத்திலிருந்துதான் நேரம் ஓடத் தொடங்கும். வந்திறங்கிய மாலையில் விடுதிக்குப் போகும் ஒற்றைப் பயணத்துக்குத் தனிச்சீட்டு எடுத்துக்கொண்டு, அட்டையை மறுநாள் காலை முதல் அருங்காட்சியகத்தின் வாசலில் காட்டித் தொடங்குங்கள்.