மின்னணு மருத்துவப் பதிவிலிருந்து நோயாளர் பதிவேடு உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மருத்துவமனையில் மின்னணு மருத்துவப் பதிவு முறை வந்து ஓரிரு ஆண்டுகள் ஓடியதும், சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனிப் பதிவேடு ஒன்றைத் தொடங்கலாமே என்ற பேச்சு எழும். தகவல் எல்லாம் கணினியில் இருக்கிறது, மென்பொருள் பிரிவில் சொன்னால் மாலைக்குள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நிர்வாகம் நினைக்கும். அவர்களும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலைப் பதிவேடு என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மின்னணு மருத்துவப் பதிவு அன்றைய சிகிச்சைக்காகவும் ரசீதுக்காகவும் எழுதப்படுவது. பதிவேடோ, இன்ன நோய் உள்ளவர்கள் யார், அவர்களுக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல என்ன ஆகிறது என்று கேட்பது. ஒரு நோக்கத்துக்காக எழுதியதை இன்னொரு நோக்கத்துக்கு எடுத்தாளும்போது, இடையில் செய்ய வேண்டிய வேலை நிறையவே இருக்கிறது.

யாரைச் சேர்ப்பது என்ற விதியை எழுத்தில் வகுக்காமல் தொடங்குவதால்தான் பெரும்பாலான பதிவேடுகள் பழுதாகின்றன. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி-10 குறியீட்டில் நீரிழிவுக்கான இ-10 முதல் இ-14 வரை உள்ளவர்களை எல்லாம் எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் சர்க்கரை இருக்குமோ என்ற ஐயத்தில் ஒரு பரிசோதனை எழுதினாலே, மென்பொருள் ஏதேனும் ஒரு நோய்க் குறியீட்டைக் கேட்பதால், மருத்துவர் அந்தக் குறியீட்டையே போட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுகிறார். முடிவு இயல்பு என்று வந்த பிறகும் குறியீடு அப்படியே கிடக்கிறது. மருந்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தைச் சாப்பிடும் இளம்பெண்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள். ஆய்வக முடிவை மட்டும் நம்பினால், கடுமையான தொற்றுக்காக உள்நோயாளியாகச் சேர்ந்து சில நாள் மட்டும் சர்க்கரை ஏறியவர்களும், ஸ்டீராய்டு எடுத்தவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதமும் அதற்கு மேலும், வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மி.கி.யும் அதற்கு மேலும் என்பவை எல்லோருக்கும் தெரிந்த வரம்புகள்தாம். அறிகுறி இல்லாதவருக்கு அத்தகைய முடிவுகள் இரண்டு வேண்டும் என்பது பட்டியல் எடுக்கும்போது மறந்துபோகிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும், ரத்தசோகை மிகுந்த நம் ஊர்ப் பெண்களைப் பொறுத்தவரை, ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே இரண்டு வெவ்வேறு வருகைகளில் குறியீடு இருப்பது, அல்லது வெளிநோயாளர் பிரிவில் எடுத்த இரண்டு ஆய்வக முடிவுகள் வரம்பைத் தாண்டியிருப்பது, அல்லது தொடர்ந்து இன்சுலின் எழுதப்பட்டிருப்பது என்பது போன்ற கூட்டு விதிதான் நிற்கும். கர்ப்பகாலச் சர்க்கரைக்கான ஓ-24 குறியீட்டைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். விதியை வகுத்த பிறகு, அது பிடித்தவர்களில் நூறு பேருடைய முழுக் குறிப்பையும் மருத்துவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவை மிகச் சிலரே செய்கிறார்கள். விதி விட்டுவிட்டவர்களிலும் ஒரு நூறு பேரைப் பார்க்க வேண்டும் என்பதை அவர்களிலும் பலர் செய்வதில்லை. தவறாக உள்ளே வந்தவர் என்றேனும் ஒரு நாள் கண்ணில் படுவார். தவறாக வெளியே நிற்பவர் படவே மாட்டார்.

விதிக்குத் தேதியும் பதிப்பு எண்ணும் தேவை. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கான வரம்பை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997-இல் 140-இலிருந்து 126-க்குக் குறைத்தது. ஒருவர் உடம்பிலும் எந்த மாற்றமும் இல்லாமலே அன்று நோயாளிகளின் எண்ணிக்கை கூடியது. ஐ.சி.டி-11 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருப்பதால், குறியீடு மாறும் நாளும் வரும். மாற்றிய குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் குறியீட்டையும் மருத்துவர் எழுதிய சொற்களையும் அழித்துவிட்டால், பின்னால் திரும்பிப் பார்க்க வழியில்லை.

அடுத்தது ஆளை அடையாளம் காண்பது. இதில் நம் பெயர் வழக்கம் தரும் தொல்லை தனி. முத்துலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆறேழு விதமாக எழுதலாம். பதிவு மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கை போன போக்கில் அது அமையும். திருமணத்துக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து, பின் கணவர் பெயரின் முதலெழுத்து. ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். ஆதாரில் அதுவே முழுப் பெயராக விரிந்திருக்கும். இதனால் ஒரே பெண்மணி மூன்று ஓ.பி. எண்களோடு மூன்று நோயாளிகளாக இருப்பது சர்வசாதாரணம். இதைச் சரிசெய்யப் போய்க் கைப்பேசி எண்ணை வைத்து இணைத்தால், அதைவிடப் பெரிய பிழை நேர்கிறது: மாமியார், மருமகள், பேரப்பிள்ளை மூவருக்கும் மகனுடைய ஒரே எண் கொடுக்கப்பட்டிருக்கும். ஒருவரை இருவராக எண்ணினால் கணக்குத்தான் கெடும். இருவரை ஒருவராக்கினால் ஒருவருடைய மருந்து ஒவ்வாமை மற்றவர் குறிப்பில் ஏறிவிடும். பெயரின் ஒலி, பாலினம், பிறந்த ஆண்டு, ஊர் ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பெண் போட்டு, ஐயத்துக்கு இடமானவற்றை மனிதர் பார்த்து முடிவு செய்வதும், எந்த இணைப்பையும் பிறகு பிரிக்க முடிகிற வகையில் பழைய எண்களை விட்டுவைப்பதும்தான் பாதுகாப்பு. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணான 'ஆபா' கிடைத்தால் நல்லது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் பெறுவது என்பதால், அதையே ஒரே சாவியாக வைத்துப் பதிவேட்டை வடிவமைக்கக் கூடாது. சுவீடனின் பதிவேடுகளை நாம் வியந்து பார்க்கிறோம். அங்கே 1947 முதல் ஒவ்வொருவருக்கும் ஆள் எண் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

வயதை வயதாகவே சேமிப்பதும் ஒரு பிழை. 2019-இல் 52 என்று பதிந்தவர் 2025-இலும் 52 ஆகவே இருப்பார். பிறந்த ஆண்டைச் சேமித்து, அது சான்றிதழ்படியா, அவர் வாயால் சொன்னதா என்பதையும் குறித்துவைக்க வேண்டும். பிறந்த தேதி தெரியாதவர் எல்லோரையும் மென்பொருள் ஜனவரி 1 அன்று பிறக்க வைத்துவிடுகிறது.

ஆய்வக எண்களில் அலகு இல்லாத எண்ணை ஏற்கவே கூடாது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 1.2 என்பதும் 106 என்பதும், முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராமாகவும் பின்னது லிட்டருக்கு மைக்ரோமோலாகவும் இருந்தால், ஒரே அளவுதான். வெளி ஆய்வகத் தாளைப் பார்த்து ஒருவர் தட்டச்சு செய்யும்போது அலகு விடுபடுகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்ட பின் சர்க்கரையும் ஒரே கட்டத்தில் விழுவது இன்னும் அதிகம். இவற்றையேனும் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்க முடியாதது, படிவம் தானே நிரப்பிக்கொள்ளும் விடைகள். 'புகைப்பழக்கம்: இல்லை', 'பாதப் பரிசோதனை: இயல்பு' என்று படிவம் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தால், கேட்டு இல்லை என்று அறிந்ததற்கும் கேட்கவே இல்லை என்பதற்கும் வேறுபாடு அழிந்துவிடுகிறது. காலணியைக் கழற்றாத ஆயிரம் பேருடைய பாதம் இயல்பாக இருப்பதாகச் சொல்லும் பதிவேடு, பாதத்தைப் பற்றி எதுவும் சொல்லாத பதிவேட்டைவிட மோசமானது. 'இல்லை', 'கேட்கவில்லை', 'நோயாளிக்குத் தெரியவில்லை' ஆகிய மூன்றும் தனித்தனி விடைகளாக இருக்க வேண்டும்.

தேதிகளிலும் இதே கலப்பு உண்டு. நோய் கண்டறியப்பட்ட தேதி, இந்த மருத்துவமனைக்கு முதலில் வந்த தேதி, கணினியில் ஏற்றிய தேதி ஆகிய மூன்றும் ஒன்றல்ல. எட்டு ஆண்டுகளாக வேறிடத்தில் பார்த்துவிட்டு வந்தவர் முதல் வருகையன்றே புதிய நோயாளியாகப் பதிவானால், சர்க்கரை தொடங்கிய முதல் மாதத்திலேயே விழித்திரை கெட்டுவிட்டதாகப் பதிவேடு காட்டும்.

வராமல் போனவர்களைக் கணக்கிலிருந்து விடுவது எளிது. அதனால் வரும் மயக்கம் பெரிது. கடந்த ஓராண்டில் வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், சர்க்கரைக் கட்டுப்பாட்டு விகிதம் ஆண்டுக்கு ஆண்டு அழகாக உயரும். ஒழுங்காக வருகிறவர்கள் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்களும்தானே. வராதவரில் சிலர் வேறு மருத்துவமனைக்கு மாறியிருப்பார்கள், சிலர் மருந்தையே நிறுத்தியிருப்பார்கள், சிலர் இறந்திருப்பார்கள். தொலைபேசியிலோ ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வழியாகவோ கேட்டறிந்து ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையைப் பதிய வேண்டும். அறிய முடியாதவரை அறிய முடியாதவர் என்றே வைத்து மொத்தத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும்.

மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து ஊரின் நோய் விகிதத்தைக் கணக்கிடுவதும் அடிக்கடி நடக்கிறது. எத்தனை பேருக்குள் இத்தனை பேர் என்று சொல்ல, வகுக்கும் எண் வேண்டும். நம் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எந்த மக்கள்தொகையின் பகுதி என்பது நமக்குத் தெரியாது. மக்கள்தொகை சார்ந்த பதிவேட்டுக்குத் தேவைப்படும் உழைப்பு வேறு வகையானது. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இயங்கும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து, நகரின் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் பணியாளர்களை நேரில் அனுப்பித் தகவல் திரட்டுகிறது. இறப்புப் பதிவுகளையும் ஒப்பிடுகிறது. சிகிச்சைக்காக வந்து உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பவர் சென்னைக் கணக்கில் ஏறிவிடாதிருக்க, குறைந்தது ஓராண்டு குடியிருந்தவரா என்று பார்ப்பது இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளின் வழக்கம். சிகிச்சைக் கணினியில் உள்ள முகவரிக் கட்டம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

கடைசியாக, அந்தரங்கம். பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டால் யாரென்று தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. சிற்றூரின் பெயர், வயது, அரிதான நோய் ஆகிய மூன்றும் ஒரு வரிசையில் இருந்தால் அந்த ஊர்க்காரர் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பிரதியில் ஊருக்குப் பதில் மாவட்டம், வயதுக்குப் பதில் ஐந்தாண்டு வரம்பு என்று தளர்த்தி, மிகச் சிலரே விழும் கட்டங்களை மறைத்துவிட வேண்டும். இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், முழுப் பதிவேட்டையும் எக்செல் கோப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் போகவில்லை. கோப்பாக வெளியே எடுக்கும் வசதியைப் பதிவேட்டுப் பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் விட்டு, எடுத்தவர், நாள், காரணம் ஆகியவற்றை மென்பொருளே குறித்துக்கொள்ளும்படி முதல் நாளிலேயே அமைத்துவிட வேண்டும். எல்லோருக்கும் திறந்துவிட்ட கதவை ஆறு மாதம் கழித்து மூடப் போனால் துறைத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சண்டைக்கு வருவார்கள்.