பழைய ஜிப் ஃபைல்களையும் சேர்த்து கிட்டுக்கு மாறுவது எப்படி

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். அதை கிட்டுக்கு (ஃபைல்களில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்துவைக்கும் மென்பொருள்) மாற்ற உட்கார்ந்தபோது 'பில்லிங்', 'பில்லிங் புதுசு', 'பில்லிங் ஃபைனல்', 'பில்லிங் ஃபைனல் ஜிஎஸ்டி' என்று ஜிப் ஃபைல்கள் வரிசையாகக் கிடந்தன. பலரும் கடைசி நகலை மட்டும் கிட்டில் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னல் கிட்டுக்கு வந்தபோது அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பழைய வரலாற்றைச் சேர்க்கவில்லை; சேர்த்தால் சுமார் 3.2 ஜிபி ஆகும் என்று முதல் கமிட்டிலேயே (கிட்டில் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்) எழுதிவைத்தார். நம்முடையது சில எம்பிதானே, தாராளமாகச் சேர்க்கலாம்.

முதலில் சர்வரில் ஓடும் நகலை இறக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு யாராவது அங்கேயே நேரடியாகத் திருத்தியிருப்பார்கள். வரிசையில் கடைசியாக வர வேண்டியது அதுதான், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அல்ல. அப்புறம் ஜிப்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஜிப்பின் தேதி நகலெடுக்கும்போது மாறியிருக்கலாம். உள்ளே கடைசியாகத் திருத்தப்பட்ட ஃபைலின் தேதியைப் பாருங்கள்.

புதிய காலி ஃபோல்டரில் 'கிட் இனிட்' கொடுங்கள். எதையும் சேர்க்கும் முன், எவை உள்ளே வரக்கூடாது என்று முடிவுசெய்யுங்கள்: டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள கான்ஃபிக் ஃபைல், வாடிக்கையாளர் விவரம் உள்ள எஸ்க்யூஎல் பேக்கப், லாக், அப்லோட் ஃபோல்டர், பிஎச்பி லைப்ரரிகளை இறக்கித்தரும் கம்போசர் நிரப்பிவைத்த வெண்டர் ஃபோல்டர். இப்படி ஒதுக்க வேண்டியவற்றை வழக்கமாக எழுதும் 'கிட் இக்னோர்' ஃபைலில் இந்தப் பட்டியலை இப்போதைக்கு எழுத வேண்டாம். மறைந்திருக்கும் டாட் கிட் ஃபோல்டருக்குள் 'இன்ஃபோ' என்பதில் இருக்கும் 'எக்ஸ்க்ளூட்' ஃபைலில் எழுதுங்கள். காரணம் அடுத்த வேலையில் தெரியும்.

மிகப் பழைய ஜிப்பைப் பிரித்துப் போடுங்கள். 'கிட் ஆட்' கட்டளையை 'ஆல்' சேர்த்துக் கொடுங்கள். 'கிட் ஸ்டேட்டஸ்' பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சரியென்றால் 'டேட்' ஆப்ஷனில் அந்தப் பழைய தேதியைக் கொடுத்து கமிட் செய்யுங்கள். அடுத்த ஜிப்புக்கு முன், டாட் கிட் ஃபோல்டரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அழிக்காமல் மேலேயே பிரித்தால், புதிய பதிப்பில் நீக்கிய ஃபைல்கள் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் இப்படி அழிப்பதால்தான் பட்டியலை டாட் கிட்டுக்குள் வைத்தோம். எல்லா ஜிப்பும் முடிந்ததும் அதை 'கிட் இக்னோர்' ஃபைலாக வெளியே எடுத்துக் கமிட் செய்யுங்கள்.

ஒவ்வொரு கமிட்டுக்கும் உருப்படியாக ஒரு வரி எழுதுங்கள். 'வாட் நீக்கி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி சேர்த்தது, ஜூலை 2017' என்று இருந்தால், வரிக்கணக்கில் சந்தேகம் வரும் நாளில், கோடின் ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் 'கிட் ப்ளேம்' நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தும். இந்த வசதிக்காகவே இவ்வளவு பாடும் படலாம்.

தமிழில் ஃபைல் பெயர் வைத்திருந்தால் ஸ்டேட்டஸில் \340\256 என்று எண்களாகக் காட்டும். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கான்ஃபிக்கில் 'கோர் டாட் கோட்பாத்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தமிழ் தெரியும்.

கிட் வரலாற்றை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தில் ஏற்றுவதாக இருந்தால் பிரைவேட் ரெப்போ (மற்றவர்கள் பார்க்க முடியாத சேமிப்பிடம்) போதும். 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல் எந்தப் பழைய கமிட்டில் இருந்தாலும் ஏற்காது. பாஸ்வேர்டு ஏதாவது ஏறிவிட்டால் ஃபைலை நீக்கினால் போதாது, வரலாற்றில் இருக்கும், பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

ஏற்றியதை வேறொரு கம்ப்யூட்டரில் க்ளோன் செய்து (முழுதாக நகலெடுத்து), கான்ஃபிக்கைக் கையால் வைத்து, வெண்டர் ஃபோல்டருக்கு 'கம்போசர் இன்ஸ்டால்' கொடுத்து, ஒரு பில் போட்டுப் பாருங்கள். பில் வந்தால் சர்வரிலும் இனி எஃப்டிபி வேண்டாம், புதிய கமிட்டுகளை இறக்கித்தரும் 'கிட் புல்' போதும். ஆனால் வெப் சர்வரில் டாட் கிட் ஃபோல்டரை வெளியாட்கள் திறக்க முடியாதபடி தடுத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் மொத்த சோர்ஸ் கோடையும் யார் வேண்டுமானாலும் பிரவுசர் வழியாகவே இறக்கிக்கொள்ள முடியும்.