வெந்நீர் வருமா உங்கள் வீட்டில்?

குழல் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் நிரப்பும் பழைய பாணித் துப்பாக்கி (மஸில்லோடர்) வாங்கப் போகிறேன் என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். காரணம் கடைசியில்.

தொடக்கத்துக்கு 50 காலிபர் (குழல் துளை அரை அங்குலம்), அடித்தால் பொறி தரும் சிறு உலோக மூடியான கேப் வைத்துச் சுடும் ரகம் போதும். இங்கே பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் கழிந்து வரும் பிளின்ட்லாக் (சக்கிமுக்கிக் கல் பொறியால் சுடும் ரகம்) மான் வேட்டைப் பருவத்தில் அது செல்லாது. பரவாயில்லை, முதலில் குறி பழகட்டும்.

கருமருந்து, அல்லது அதற்கென்றே விற்கும் மாற்று மருந்து மட்டும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்தைப் போட்டால் குழலே வெடிக்கும். அளவு கையேட்டில் இருக்கும். டப்பாவிலிருந்து நேராகக் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் டப்பாவே கையில் வெடிக்கும். அளவுக் குப்பியில் எடுத்து ஊற்றுங்கள்.

குண்டு மருந்தின் மேல் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். என் கெட்டிக்கும் கம்பியில் இரண்டு கோடுகள்: ஒன்று காலிக் குழலுக்கு, மற்றது சரியாக நிரப்பிய குழலுக்கு. ஒருநாள் மருந்தில்லாமல் குண்டை மட்டும் இறக்கிவிட்டு, கோட்டைப் பார்த்த பிறகுதான் அசடு வழிந்தேன்.

இனி வெந்நீர். சுட்டபின் குழலில் படியும் கரி ஈரத்தை உறிஞ்சும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் துருதான். காலி என்று உறுதிசெய்து குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தைச் சோப்பு வெந்நீர் வாளியில் நிறுத்துங்கள். துணி சுற்றிய கம்பியை ஏற்றி இறக்கினால் பம்பு மாதிரி நீர் ஏறும். முதல் வாளி மைக்கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். துணி வெள்ளையாக வந்ததும் உலரத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். வாளியைக் குளியலறையில் வைக்காதீர்கள். வீட்டில் சண்டை வரும்.