நூறு நாள் வேலை தரவில்லையா? முதலில் ரசீது வாங்குங்கள்

நூறு நாள் வேலையைக் குறைக்கிறோம் என்று எந்த ஊராட்சி அலுவலகத்திலும் நோட்டீஸ் ஒட்ட மாட்டார்கள். "என்.எம்.ஆர். இன்னும் வரலைம்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள், அவ்வளவுதான் (என்.எம்.ஆர். என்றால் வேலைக்கு வருபவர்களின் வருகைப் பதிவேடு). அடுத்த வாரமும் அதே பதில். ஒன்றிய அரசு 2022-23இல் திருத்திய மதிப்பீட்டில் 89,400 கோடி ரூபாய் காட்டிய இந்தத் திட்டத்துக்கு, 2023-24 பட்ஜெட்டில் 60,000 கோடிதான் ஒதுக்கியது. டெல்லியில் விழும் வெட்டு ஊருக்கு வந்து சேரும்போது இப்படி வாய்வார்த்தையாகத்தான் வந்து சேர்கிறது. வாய்வார்த்தைக்கு எங்கும் பதிவு கிடையாது. பல ஊர்களில் வேலை தருகிற அன்றைக்குத்தான் நீங்கள் வேலை கேட்டதாகவே கணினியில் ஏற்றுகிறார்கள், அதனால் கணக்கைப் பார்க்கிறவருக்கு கேட்ட எல்லோருக்கும் வேலை கொடுத்தது போலவே தெரியும்.

அதனால் எழுத்தில் கேளுங்கள். இதற்குத் தனிப் படிவம் தேடி அலைய வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். மனு ஊராட்சி செயலாளருக்கு. உள்ளே இவ்வளவு இருந்தால் சரி:

"கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் இந்த ஊராட்சியில் வசிக்கிறோம். எங்கள் ஜாப் கார்டு எண்கள் பெயருக்கு எதிரே உள்ளன. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தொடர்ந்து 14 நாட்கள் வேலை கேட்கிறோம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ரசீது தரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

14 நாள் என்று நான் சும்மா போடவில்லை. நூறு நாள் வேலைக்கான 2005 ஊரக வேலை உறுதிச் சட்டப்படி ஒரு மனுவில் குறைந்தது தொடர்ச்சியாக 14 நாளாவது கேட்க வேண்டும். கூட்டாக ஒரே மனு கொடுக்கலாம், கொடுப்பதுதான் நல்லது. தனியாகப் போகிறவரை "நீ மட்டும் என்ன சட்டம் பேசுற" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், தெருவே சேர்ந்து போனால் குரல் இறங்கும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரசீதைத் தரத்தான் அவ்வளவு தயங்குவார்கள். காரணம் இருக்கிறது. மனு கொடுத்த 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும்: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்கு மேல் பாதிக்குக் குறையாமல். தமிழ்நாட்டில் 2025-26க்கான கூலி 336 ரூபாய், அதில் கால் பங்கு 84 ரூபாய். 2005 சட்டத்தில் கூலிப் பணம் ஒன்றிய அரசுடையது, ஆனால் இந்தப் படியை மாநில அரசு தன் கையிலிருந்து தர வேண்டும். தேதி போட்ட ரசீது இல்லையென்றால் அந்த 15 நாள் எப்போது தொடங்கியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அப்புறம் இன்னொன்று, ரசீது வாங்கிய பிறகு வேலைக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள். கூப்பிட்டும் 15 நாளுக்குள் போகாவிட்டால் மூன்று மாதத்துக்குப் படி கேட்க முடியாது.

ரசீது தர மறுத்தால் சண்டை போட வேண்டாம். அதே மனுவை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.) ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் தபால் ரசீதே உங்கள் தேதி. 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் பொறுப்பு போனது நினைவிருக்கும். உங்கள் ஊரிலும் அந்த நிலைமைதான் என்றால் தலைவர் வீட்டு வாசலில் காத்திருந்து பயனில்லை, நேரே பி.டி.ஓ. அலுவலகம்தான். அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாள். அங்கே மனு எண் தருவார்கள், அதைக் குறித்து வைத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். மாவட்டத்துக்கென்று இந்தத் திட்டத்தின் குறைதீர்ப்பாளர் இருப்பார், மனுவின் நகலை அவருக்கும் அனுப்புங்கள்.

வேலை செய்துவிட்டீர்கள், கூலி வரவில்லை என்றால் அது வேறு கதை. 2025 ஜனவரியில் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதி, நிலுவைக் கூலி 1,056 கோடி ரூபாயை விடுவிக்கக் கேட்ட நிலைமை வந்தது. அப்படி மேலேயே நிற்கும் பணத்துக்கு ஊராட்சி செயலாளரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் ஆதாரில் இருக்கும். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி போகிறது, அதுவும் ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்ததோ அங்கே போகும். சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்ததில் தொடங்கிய பேமென்ட் பேங்க் கணக்கில் கூலி போய்ப் படுத்திருக்க, தபால் நிலையப் பாஸ்புக்கை மாதக்கணக்கில் என்ட்ரி போட்டுப் பார்க்கிற பாட்டிகள் ஊருக்கு ஊர் உண்டு. வங்கியில் போய் "என் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கு" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கூலிக்கும் கெடு உண்டு. வருகைப் பதிவேடு முடிந்து 15 நாளுக்குள் வராவிட்டால், 16ஆம் நாளிலிருந்து தினம் 0.05 சதவீதம் இழப்பீடு என்பது 2005 சட்டத்தின் கணக்கு. ஆறு நாள் கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய்தான் தேறும், டீக்கே ஆகாது. இருந்தாலும் கேளுங்கள், கேட்டால்தான் தாமதம் என்று எங்கேயாவது பதிவாகும்.

வீட்டில் போன் பார்க்கத் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் ஜாப் கார்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கார்டு உயிரோடு இருக்கிறதா, அல்லது 'வேலை செய்ய விருப்பமில்லை' என்று போட்டு நீக்கிவிட்டார்களா என்று தெரியும். ஏரி வேலைக்குத் தினமும் மண்வெட்டியோடு வந்து நின்றவருக்கு விருப்பமில்லையாம்! உங்கள் பெயரும் அப்படி நீங்கியிருந்தால் யார் நீக்கியது, எந்த நாளில், என்ன ஆதாரத்தில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த நாட்களில் கூட்டம் உண்டு. "வேலை கேட்டவர்கள் இத்தனை பேர், கிடைத்தவர்கள் இத்தனை பேர்" என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெறும் பதிவேட்டில் முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைச் சாயங்காலம் ஆற அமர எழுதுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது.

2005 சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வி.பி.-ஜி ராம் ஜி சட்டத்தில் 125 நாள் என்கிறார்களே, அப்படியானால் கவலை எதற்கு என்று கேட்கலாம். நாள் கூடியது காகிதத்தில். செலவில் 40 சதவீதம் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தலையில், மாநிலத்துக்கு ஒதுக்கும் தொகைக்கு மேல் போனால் அதுவும் மாநிலத்தின் பாடு, விவசாயப் பருவத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். பணம் குறைகிற இடத்தில் 'அடுத்த வாரம் வாங்க' கூடத்தான் செய்யும் என்பது என் கணிப்பு. ஆனால் மனு கொடுத்து 15 நாளில் வேலை, இல்லாவிட்டால் படி என்பது அதிலும் உண்டு, அதனால் ரசீது வாங்குகிற வேலை மாறாது.

ஊருக்குப் பக்கத்தில் நகராட்சியோ மாநகராட்சியோ இருந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஊராட்சியை அதோடு இணைத்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது, இந்த உத்தரவாதம் கிராமப்புறத்துக்கு மட்டும். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று தமிழ்நாட்டில் ஒன்று இருந்தாலும் அது சட்ட உரிமை இல்லை. இணைப்பு பற்றிய பேச்சு காதில் விழுந்த உடனேயே கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டு நகலைக் கலெக்டருக்கு அனுப்புங்கள், இறுதி அரசாணை வந்த பிறகு போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.