பழைய சேலையில் மெல்லிய ஒட்டுப்போர்வை: பினாங்கு வீட்டுக்கு ஒரு செய்முறை

துணித்துண்டுகளை இணைத்து அடுக்கடுக்காகத் தைக்கும் ஒட்டுப்போர்வையைச் சொல்லித்தரும் புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர்நாட்டவை. அவற்றை நம்பி நடுவில் தடித்த பஞ்சு விரிப்பை வைத்துத் தைத்தால், பினாங்கு வெக்கையில் அந்தப் போர்வை அலமாரியை விட்டு வெளியே வராது. இங்கே மூன்று அடுக்கும் பருத்தியாக இருக்கட்டும். மேலே ஒட்டுத்துண்டுகள், நடுவில் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் படுக்கை விரிப்பு அல்லது ஒற்றை ஃபிளானல், அடியில் ஒரு முழுச் சேலை. மின்விசிறிக்கடியில் போர்த்திக்கொள்ள இது போதும். ஏர்கோன் போட்டாலும் தாங்கும். பாலியெஸ்டர் வாடிங் என்னும் செயற்கைப் பஞ்சு விரிப்பு விலை குறைவுதான், ஆனால் வேர்வையை உறிஞ்சாது. துவைக்கத் துவைக்க அதன் இழைகள் மேல்துணி வழியாக முடிமுடியாக வெளியே வரும்.

கீழே உள்ள கணக்கு 60க்கு 80 அங்குலப் போர்வைக்கு, அதாவது ஒரு ஒற்றைக் கட்டிலுக்கு. மேல்பகுதிக்கு 5½ அங்குலச் சதுரங்கள் 192 வேண்டும். தைத்த பின் ஒவ்வொன்றும் 5 அங்குலமாகும். அகலத்தில் 12, நீளத்தில் 16. சேலையின் கரையை வெட்டிவிட்டால் ஏறக்குறைய 43 அங்குல அகலம் மிஞ்சும். 5½ அங்குலப் பட்டை ஒன்றில் 7 சதுரம் தேறும் என்றால் 28 பட்டைகள், மொத்தம் 154 அங்குலத் துணி. நான்கு மீட்டர்தானே, ஒரு சேலையே போதும் என்று தோன்றும். பழைய சேலையில் நல்ல துணி அவ்வளவு கிடைக்காது. இடுப்பில் செருகும் உள்முனையும் கணுக்காலில் உரசும் கீழ்ப்பகுதியும் முதலில் இற்றுப்போயிருக்கும். இரண்டு சேலையும் ஒரு பாத்திக் கைலியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைலியின் தலைப்புப் பகுதி பூவேலைப்பாடு அடர்ந்தது. அந்தச் சதுரங்களைப் போர்வையின் நடுவில் வைத்தால் எடுப்பாக இருக்கும்.

துணி தாங்குமா என்று பார்க்க வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூல் விலகி ஓட்டை தெரிந்தால் அந்த இடம் வேண்டாம். பிறகு இரண்டு கையாலும் இரண்டு அங்குல இடைவெளியில் பிடித்து, பாவு (நீளத்து நூல்) வாக்கிலும் ஊடை (குறுக்கு நூல்) வாக்கிலும் வெடுக்கென இழுங்கள். பிரியும் சத்தம் கேட்டால் அதையும் ஒதுக்குங்கள். இந்த இடத்தில் இரக்கம் காட்டினால் மூன்றாவது துவைப்பில் ஒரே ஒரு சதுரம் மட்டும் கிழிந்து தொங்கும். அதை மாற்றுவது புதுப்போர்வை தைப்பதைவிட எரிச்சலான வேலை. பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்து நூல் நாலைந்தைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். அப்படிப்பட்ட துணியை இதில் கலக்காதீர்கள், இஸ்திரியில் சுருங்கிவிடும். ஜரிகைக் கரையும் வேண்டாம்.

அடிச்சேலை ஒன்று பழசாகக் கிடைக்காவிட்டால் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபுஹ் பாசார், லெபுஹ் குயின் பக்கத்துக் கடைகளில் பருத்தித் துணி பார்க்கலாம். அளவு 65க்கு 85 அங்குலம் இருந்தால் நல்லது. நாலாபுறமும் இரண்டரை அங்குலம் கூடுதல். இரண்டு துண்டை நெட்டுவாக்கில் இணைத்தால் 170 அங்குலம் வாங்க வேண்டும். குறுக்குவாக்கில், ஒவ்வொன்றும் 65 அங்குலமாக இரண்டு துண்டை மேலும் கீழும் வைத்து இணைத்தால் 130 அங்குலம் போதும். ஏறக்குறைய ஒரு மீட்டர் மிச்சம்.

வெட்டுமுன் எல்லாவற்றையும் துவையுங்கள், நடுவில் வைக்கும் ஃபிளானல் உட்பட. ஃபிளானல் அதிகம் சுருங்கும். முன்பே துவைக்காவிட்டால் போர்வை முடிந்த பிறகு உள்ளே சுருங்கி மேல்பக்கத்தைக் குமிழ் குமிழாக இழுத்துவிடும். கருஞ்சிவப்பு, கருநீலத் துணிகளை வெதுவெதுப்பான நீரில் ஒரு வெள்ளைத் துண்டோடு அரைமணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் தனியாகப் பலமுறை அலசுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய பருத்தியில் அது பலிப்பதில்லை. நாலைந்து அலசலுக்குப் பிறகும் சாயம் விடும் துணி இந்தப் போர்வைக்கு ஆகாது.

கஞ்சி

பழைய சேலை குழைந்து வழுக்கும். அப்படியே வெட்டினால் சதுரம் சாய்சதுரமாகும். தையல் இயந்திரத்தின் பல் துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கஞ்சி போட்டே ஆக வேண்டும். ரைஸ் குக்கர் வந்த பிறகு வீட்டில் வடிகஞ்சி கிடைப்பதில்லை, இதற்காக ஒருநாள் பானையில் வடித்தால்தான் உண்டு. அரை கப் பச்சரிசியை ஐந்து கப் தண்ணீரில் குழைய வேகவைத்து வடித்தால் சுமார் மூன்று கப் கஞ்சி வரும். புழுங்கலரிசிக் கஞ்சி நீர்த்திருக்கும், பச்சரிசியே நல்லது. உப்புப் போடாதீர்கள், உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு குண்டூசியைத் துருப்பிடிக்க வைக்கும். கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் கலந்தால் ஒரு சேலைக்குச் சரியாக இருக்கும். வடிகட்டாமல் விட்டால் பருக்கை ஒட்டி, இஸ்திரிப் பெட்டி பட்ட இடம் பழுப்பாகக் கருகும். சோறு வடிக்க நேரமில்லாத நாளில் இரண்டு மேசைக்கரண்டி மரவள்ளி மாவை அரை கப் குளிர்ந்த நீரில் கரைத்து, இரண்டு லிட்டர் கொதிநீரில் ஊற்றி இரண்டு நிமிடம் கிளறினாலும் அதே பலன்.

துணியைக் கஞ்சியில் நனைத்துப் பிழிந்து, காலை ஒன்பதுக்குள் கொடியில் போட்டுவிடுங்கள். முக்கால் ஈரம் காய்ந்ததும் எடுத்து இஸ்திரி போட்டால் துணி அட்டைபோல் நிற்கும். கஞ்சித் துணியை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பூத்துவிடும், கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் மாவுக்கு வரும். கஞ்சி போட்ட வாரத்திலேயே வெட்டித் தைத்துவிடுங்கள்.

வெட்டும் நாள்

சேலையின் கிழிந்த முனையை நம்பி அளக்காதீர்கள். ஒரே ஒரு ஊடை நூலைப் பிடித்து உருவினால் துணியில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டிலிருந்து பட்டையை அளங்கள். உருளும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டர் இருந்தால் நான்கு மடிப்பு வரை ஒன்றாக வெட்டலாம். அதற்குமேல் போனால் அடி மடிப்பு நகர்ந்துவிடும்.

வெட்டி முடித்த தரையில் நூலும் பிசிறும் குவியும். கொல்லையில் கோழி இருந்தால் இதைக் கூட்டி அந்தப் பக்கம் தள்ளவே கூடாது. கோழி நூலைப் புழு என்று கொத்தும். நூல் நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், அல்லது கழுத்தடியில் உள்ள தீவனப்பையில் உருண்டு அடைத்துக்கொள்ளும். காலில் சுற்றிய நூல் இறுகி விரல் கறுத்துப்போவதும் உண்டு. மூடியுள்ள டப்பா ஒன்றை இயந்திரத்தின் பக்கத்திலேயே வையுங்கள். மீந்த துணியைக் கோழி முட்டையிடும் பெட்டியில் மெத்தையாகப் போடுவதும் இதே காரணத்தால் தவறு. போதாக்குறைக்கு மடிப்புகளில் பேன், உண்ணி குடியேறும். மரச்சீவலோ காய்ந்த புல்லோ போடுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள்.

கோழியைப் பற்றி இன்னும் கொஞ்சம். மூன்று நான்கு பெட்டை ஒரு குடும்பத்துக்குப் போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, தாமான் வீட்டில் விடியற்காலைச் சண்டையும் மிச்சம். வாங்கும் முன் ஊராட்சி மன்ற விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்கோழித் தீவனம் நாளொன்றுக்குத் தலைக்கு 100 முதல் 120 கிராம். நாட்டுக்கோழி இதைவிடச் சற்றுக் குறைவாகத் தின்னும். மதிய வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிழலும் குளிர்ந்த நீரும் உடனே வேண்டும். மீந்த குழம்புச் சோற்றைப் போட்டுப் பழக்காதீர்கள், அதில் உப்பு அதிகம். முட்டை ஓட்டைக் காயவைத்து, வாணலியில் வறுத்து, பொடித்துக் கொடுக்கலாம். முழு ஓடாகப் போட்டால் தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும். கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை போடுங்கள். மெல்லிய அறுகோணக் கண்வலை கோழியை உள்ளே வைக்கும், ஆனால் முசாங் என்னும் மரநாயையும் பாம்பையும் வெளியே வைக்காது.

தைக்கும் நாள், சமைக்கும் நாள்

மழை இறங்கும் பிற்பகல் தையலுக்கு ஏற்றது. 80/12 ஊசி, 50 எண் பருத்தி நூல், தையல் நீளம் 2.2 மில்லிமீட்டர். தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். இதில்தான் பெரும்பாலான போர்வைகள் கெடும். ஒரு தையலில் இருபுறமும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால், வரிசைக்கு 11 தையலில் 1⅜ அங்குலம் காணாமல் போகும். கையோடு சோதித்துவிடுங்கள்: 1½ அங்குலப் பட்டைகள் மூன்றை இணைத்து இஸ்திரி போட்டு அளந்தால் 3½ அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்துங்கள், அல்லது இயந்திரத் தட்டில் துணி ஓரத்துக்கு வழிகாட்ட ஒட்டும் டேப்பை ஊசிப் பக்கம் நகர்த்தி ஒட்டுங்கள்.

ஒற்றைப்படை வரிசைகளின் தையல் விளிம்பை இடப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளை வலப்பக்கமும் இஸ்திரியால் படியவையுங்கள். வரிசைகளை இணைக்கும்போது விளிம்புகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும், மூலைகள் தானே பொருந்தும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து எடுங்கள். இரவு வேலையை நிறுத்தும்போது குண்டூசி எதையும் துணியில் விடாதீர்கள். துருக்கறை ஏறினால் போகாது.

இந்த நாட்களில் அடுப்பில் நிற்கத் தேவையில்லாத சமையல்தான் சரிப்படும். முட்டைக்குழம்பு நல்ல தேர்வு. புதிதாக இட்ட முட்டையை அவித்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும், ஒரு வாரமாவது ஆன முட்டையை எடுங்கள். கொதிக்கும் நீரில் இறக்கி 11 நிமிடம், பிறகு குளிர்ந்த நீர். ஆறு முட்டைக்குச் சின்ன வெங்காயம் 12, பூண்டு 6 பல், தக்காளி 2, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை தாளித்து, மீன் கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, எலுமிச்சை அளவு புளியை இரண்டு கப் நீரில் கரைத்து ஊற்றுங்கள். சிறு தீயில் 20 நிமிடம். கடைசியில் அரை கப் தேங்காய்ப்பாலும் முட்டையும். இயந்திரச் சத்தத்தில் கொதிக்கும் சத்தம் கேட்காது, டைமர் வையுங்கள். தாளிக்கும்போது தையல் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். எண்ணெய்ப் புகை நடுத்துணியில் ஏறினால் லேசில் போகாது.

மஞ்சள் கை துணியில் பட்டு, சோப்புப் போட்டதும் சிவந்தால் பதற வேண்டாம். சோப்பின் காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் மாறும். நன்றாக அலசி வெயிலில் போடுங்கள், மங்கிவிடும்.

மூன்று அடுக்கும் சேர்வது

அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். விறைப்பாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி சுருங்கி மேல்பக்கம் சுருக்கம் விழும். நடுத்துணி, மேல்துணியைப் பரப்பி, நடுவிலிருந்து வெளிநோக்கி நான்கு அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். இயந்திரத்தில் தைப்பதானால் 90/14 ஊசி, 3 மில்லிமீட்டர் நீளம், எல்லா அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபூட். சாதாரண ஃபூட் மேல்துணியை முன்னே தள்ளிக்கொண்டு போகும். கையால் தைப்பதே இந்த மெல்லிய போர்வைக்கு அழகு. இரண்டு இழை எம்ப்ராய்டரி நூலில், அங்குலத்துக்கு நாலைந்து ஓட்டுத்தையல், ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்திலும் ஒரு வரி. எதிலானாலும் நடுவிலிருந்து தொடங்குங்கள்.

ஓரப்பட்டிக்கு 2½ அங்குலப் பட்டைகள் எட்டு, கோணலாக இணைத்து நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். முன்பக்கம் இயந்திரத்தில் கால் அங்குலத்தில் தைத்து, மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்துப் பிறகு கீழே இறக்கினால் மூலை கூராக அமையும். பின்பக்கம் திருப்பிக் கையால் மடிப்புத்தையல் போடுங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் துவைத்துக் கஞ்சி முழுவதையும் எடுத்துவிடுங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழை மாதங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஒரே நாளில் காயும். இரண்டு கொடியில் பரப்பி, பின்பக்கம் வெளியே தெரியப் போடுங்கள், மேல்நிறம் வெளுக்காது. கூண்டுக்குக் காற்று போகும் திசையில் வேண்டாம், கோழித்தூசி படியும். நடு அடுக்கு காயாமல் மடித்தால் பூஞ்சைப் புள்ளி நிச்சயம். பிளாஸ்டிக் பையைத் தவிர்த்துப் பழைய தலையணை உறையில் வையுங்கள். பாச்சை உருண்டை துணியில் நேராகப் படக்கூடாது.

மீந்த நான்கு சதுரத்தை இரண்டிரண்டாக இணைத்தால், இரண்டு மடிப்புப் பழைய துவாலையை உள்ளே வைத்துச் சட்டி பிடிக்கும் துணிகள் இரண்டு தைக்கலாம். எல்லாம் பருத்தியாகவே இருக்கட்டும். ஈரமாக இருக்கும்போது சூடான சட்டியைப் பிடிக்காதீர்கள். ஈரத்துணி சூட்டை நொடியில் கைக்குக் கடத்திவிடும்.