உப்பையும் மணலையும் பிரித்து எடைபோடுதல்

10 கிராம் சமையல் உப்பையும், கழுவி உலர்த்திய 10 கிராம் ஆற்று மணலையும் கலந்து, 50 மில்லிலிட்டர் நீர் ஊற்றி உப்பு முழுவதும் கரையும்வரை கலக்க வேண்டும். அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கும் என்பதால் இவ்வளவு நீர் தாராளமாகப் போதும். பிறகு வடிதாள் வைத்த புனலில் வடிகட்டி, தாளில் தங்கிய மணலின் மீது சிறிது தூய நீர் ஊற்றி, அதில் ஒட்டியுள்ள உப்பையும் கழுவி இறக்க வேண்டும். எளிதில் மறந்துபோகும் படி இதுவே.

வடிநீரைப் பீங்கான் கிண்ணத்தில் மெல்லிய தீயில் வற்றவைக்கலாம். நீர் வற்றும் தறுவாயில் சூடான துகள்கள் தெறிக்கும் என்பதால், அடுப்பை அணைத்துவிட்டு எஞ்சிய ஈரத்தை வெயிலில் உலர்த்துவதே பாதுகாப்பானது.

உலர்ந்த இரண்டையும் தனித்தனியே எடைபோடுவதை ஆசிரியர் எக்காரணம் கொண்டும் தவிர்க்கலாகாது; கண்ணுக்கு மறைந்த உப்பு அழியவில்லை என்பதை மாணவர் தராசில்தான் காண்கிறார். எடை 10 கிராமைத் தாண்டினால், பெரும்பாலும் ஈரம் மீதமிருக்கும். மீண்டும் உலர்த்தி எடைபோட வேண்டும்.